அக்சிக்கு வலிக்காது

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரமாகிறது. காலையில் பெனி சாக்ஸைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான். உள்ளே தையல் குத்துகிறதாம். நாலாம் வகுப்புப் பையன், உட்கார்ந்து அழுகிறான். ஆட்டோக்காரர் வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். சாக்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு அனுப்பினேன்.

அக்சியால் எந்தத் தொந்தரவும் இல்லை. யூகேஜி போகிற பிள்ளை இவ்வளவு சமத்தாக இருப்பதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. தடுப்பூசி போடும்போதுகூட நர்ஸ் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். எங்கள் வீட்டில் ஆம்பிளை அக்சிதான் என்று இவர்கள் அப்பா, என் அத்தான், எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். அவர் சொல்லும்போது பெனி அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவான்.

அத்தான் ஏப்ரலில் கப்பல் ஏறினார். கம்பெனி கொடுத்த டைரியை, வீட்டுக்கு ஏதாவது குறித்துவைக்க உதவும் என்று விட்டுவிட்டுப் போனார். குறித்துவைக்க ஒன்றுமில்லை. மதியம் தண்ணீர் வந்தது. பிடித்துவைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

அக்சியின் ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் முழுக்க ரத்தம். ஷூவின் அடியில் ஒரு டிராயிங் பின் ஏறி, பாதத்துக்குள் போயிருந்தது. எப்போது ஏறியது என்று கேட்டேன்.

"காலைலயே. நடந்தா டக்கு டக்குன்னு சத்தம் வந்துச்சும்மா. நல்லா இருந்துச்சு."

நாள் பூராவும் அதோடு நடந்திருக்கிறாள். பின்னை எடுத்து டெட்டால் வைத்தேன். அவள் என் தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று பார்த்த பெனி காதைப் பொத்திக்கொண்டு அலறினான். அலறாதே என்று அவனை அடுத்த அறைக்கு அனுப்பினேன்.

மாடியில் இருக்கும் வீட்டுக்கார பாக்கியம் அக்கா சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தார். ஒன்றுமில்லை அக்கா என்றேன். அத்தானுக்கும் ஒன்றுமில்லை என்றுதான் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். நடுக்கடலில் இருக்கிறவரிடம் எதைச் சொல்வது?

ஜூலை 3, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

காலையில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு, மாவுப் பாத்திரம் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினேன். அவ்வளவு நேரம்தான். பின்னால் அக்சியின் குரல், எதையோ விசாரிப்பதுபோல.

"அம்மா, கை ஒட்டுது."

ஸ்டூலில் ஏறி நின்று உள்ளங்கையைக் கல்லில் வைத்திருந்தாள். எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நான்தான் பிடித்து இழுத்தேன். வாசனையைப் பற்றி எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போதும் அழவில்லை. பெரிய தைரியசாலி என்று சிஸ்டர் மிட்டாய் கொடுத்தார். அந்த மிட்டாயை அவள் வாயில் போட்டு மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது தைரியம் இல்லை. இத்தனை வருஷமும் இது தைரியமாக இருந்ததில்லை.

ஜூலை 4, வெள்ளி

பெனி சாப்பிடவில்லை. மாவு வாசனை வந்தாலே வாந்தி எடுக்கிறான்.

ஜூலை 14, திங்கள்

ஹெலன் மிஸ் வரச் சொல்லியிருந்தார். அக்சியின் வகுப்பு டீச்சர். என்னை நிற்கவைத்தே பேசினார். போன மாதம் காலில் கட்டு, இப்போது கை, போன வருஷம் நெற்றியில் தையல், நாக்கில் கடித்த காயம். வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டார். விழுந்துவிடுகிறாள் மிஸ் என்றேன். கேட்டுக்கொண்டார். நம்பவில்லை.

திரும்பும்போது கேட் பக்கம் நின்றிருந்த இரண்டு அம்மாக்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

ஜூலை 16, புதன்

சாயங்காலம் குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஒரு அம்மாவும் கூட ஒருவரும் வந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து தகவல் போயிருக்கிறது. மரியாதையாகத்தான் பேசினார்கள். பிள்ளைகளிடம் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் கொஞ்சம் உள்ளே இருங்கள் என்றார்கள். சமையலறையில் நின்று, கழுவிவைத்த தட்டுகளை மறுபடி கழுவினேன். குழாயைச் சின்னதாகத் திறந்துவைத்ததால் எல்லாம் கேட்டது.

"அம்மா அடிப்பாங்களாம்மா?"

"ஆமா. ஆனா வலிக்காது."

தாளைப் புரட்டும் சத்தம்.

"கையில என்னாச்சு?"

"தோசக்கல்லுல வச்சேன்."

"யாரு வைக்கச் சொன்னது?"

"யாருமில்ல. வட்டமா இருந்துச்சு."

"அழுதியா?"

"அண்ணன்தான் அழுதான்."

பிறகு பெனியைக் கூப்பிட்டார்கள். அவன் கேள்வி கேட்பதற்கு முன்பே தேம்ப ஆரம்பித்துவிட்டான். யாருக்கு பயப்படுற தம்பி, சொல்லு, நாங்க இருக்கோம்ல என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்கக் கேட்க அழுகை கூடியது. அவன் எதற்கு அழுதான் என்று எனக்குத் தெரியும். அந்த ஆள் போட்டிருந்த சென்ட் வாசனையும், ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசுவதும் அவனுக்கு ஆகாது. அதை வெளியே வந்து நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

போகும்போது அந்த அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "பெரிய டாக்டர் ஒருத்தர்ட்ட காட்டுங்க. என்னன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவர நாங்க வந்துட்டுத்தான் இருப்போம்."

மாடிப்படியில் பாக்கியம் அக்கா நின்றிருந்தார். நான் பார்த்ததும் மேலே போய்விட்டார்.

அத்தான் இரவு மெசேஜில் கப்பலில் யாருக்கோ பிறந்தநாள் என்று கேக் வெட்டும் வீடியோ அனுப்பியிருந்தார். வீடியோ கால் பேச மட்டும் நெட் கிடைப்பதில்லை.

ஜூலை 28, திங்கள்

மதுரைக்குப் போய் வந்தோம். நரம்பு டாக்டர். வயது குறைந்த பெண்தான். அக்சியைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டார், தொடுறீங்க என்றாள். ஊசியால் குத்தினார், தொடுறீங்க என்றாள். அதே குரல்.

சொந்தத்தில் கல்யாணமா என்று என்னிடம் கேட்டார். ஆமாம், அத்தை மகன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்புவார்களாம். ஆனால் எனக்குப் புரியும்படி அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"சுட்டா கையை எடுன்னு நம்ம உடம்பு சொல்லும். இவளுக்கு அது சொல்லாதும்மா. பொறக்கும்போதே அப்படி. மருந்து கிடையாது. உடம்பு சொல்லாததை நீங்க சொல்லிக்குடுக்கணும்."

தினமும் தலை முதல் கால்வரை பார்க்க வேண்டும். கண், நாக்கு, பல், பாதம். எலும்பு முறிந்தாலும் நடந்துகொண்டே இருப்பாள் என்றார். வயிற்றுக்குள் ஏதாவது வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதுதான் கஷ்டம் என்றார். பையன் ரொம்ப அழுகிறான், சட்டை லேபிள் பட்டாலே அழுகிறான், அதுவும் இதோடு சேர்ந்ததா என்று கேட்டேன். இல்லை, அவனுக்கு எல்லாம் கூடுதலாகத் தெரிகிறது, சில பிள்ளைகள் அப்படி, அவனையும் ஒருநாள் தனியாகக் கூட்டிவாருங்கள் என்றார்.

பஸ்ஸில் அக்சி என் மடியில் தூங்கினாள். பெனி ஜன்னல் கம்பியின் துரு குத்துகிறது என்று முனகிக்கொண்டே வந்தான். அத்தை மகன், அத்தை மகன் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. யார் மீதும் குற்றமில்லை. கல்யாணத்தன்று எங்கள் இரண்டு பேரையும் ஒரே சாயல் என்று சொன்னார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டாக்டர் கொடுத்த கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தேன். ஹெலன் மிஸ் இந்தத் தடவை நாற்காலி போட்டார். நலத்துறை அம்மாவும் போனில் சரி என்றுவிட்டார். ஆனால் தெருவில் யாரிடம் கடிதத்தைக் காட்டுவது?

தினமும் சாயங்காலம் குளித்தவுடன் அக்சியை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். சிவப்பு இருந்தால், வீங்கினால், ஈரமாக இருந்தால், நிறம் மாறினால் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று பாட்டுபோலச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அடுப்புப் பக்கம் கோடு போட்டிருக்கிறேன், அதைத் தாண்டக் கூடாது. இடித்துக்கொண்டால் "வலிக்குது" என்று சொல்ல வேண்டும். இந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துவிட்டது. பந்து முடியில் பட்டாலும் வலிக்குது, வாழைப்பழம் கீழே விழுந்தாலும் வலிக்குது. சொன்னால் ஓடிவருவேன் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"பொய் சொல்லுதாம்மா," என்றான் பெனி. "அவளுக்கு வலிக்கவே இல்ல."

"சொல்லிப் பழகட்டும்ல."

"நான் சொன்னா மட்டும் நடிக்கேன்னு சொல்லுத."

அதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

அக்சி வாயில் ரத்தம், பல் தானாக விழுந்திருக்கும் என்று பார்த்தால், கடைவாயில் நாக்கைக் கடித்து வைத்திருக்கிறாள். ஐஸ் வைத்துக்கொண்டிருந்தபோது, நகம் வெட்டியதில் விரல் எரிகிறது என்று பெனி பின்னாலேயே வந்து நின்றான். இவ வாயில ரத்தம் ஒழுகுது, ஒனக்கு நகமா, ஒருநாளாவது இவள மாதிரி சும்மா இருக்கியா என்று கத்திவிட்டேன். எனக்கு இரண்டு கைதான் இருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

பெனியிடம் நல்ல மாற்றம். இப்போதெல்லாம் அழுவதில்லை. சாக்ஸை அவனே போட்டுக்கொள்கிறான். அத்தானிடம் சொன்னேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார். வளர்ந்துட்டான்ல என்றார். டாக்டர் சொன்னதோடு போட்டோவும் அனுப்பியிருந்தேன், ஆனால் அக்சியின் கையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன். தழும்பு இப்போது இளஞ்சிவப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

பெனி வீட்டிலும் முழுக்கைச் சட்டையோடு இருக்கிறான். இடது கையில் ஸ்பூனால் சோறு சாப்பிட்டான். ஸ்டைலாம். திட்டினேன். கேஸ் சிலிண்டர் தீர்ந்தது, புக் பண்ணியாயிற்று.

செப்டம்பர் 12, வெள்ளி

சாயங்காலம் அக்சியைப் பார்த்து முடித்தேன். காயம் ஒன்றுமில்லை. கவுனைப் போட்டுவிட்டேன். அவள் போகாமல் நின்றாள்.

"இப்ப அண்ணன்," என்றாள்.

கட்டிலில் புத்தகத்தோடு இருந்த பெனி வேண்டாம் என்றான். அவள் விளையாட்டாகப் போய் அவன் சட்டைக் கையை மேலே இழுத்தாள். அவன் சத்தம் போடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டான். அக்சி குனிந்து பார்த்தாள், நான் அவளைப் பார்ப்பதுபோலவே.

"அம்மா, வீக்கம். இந்தப் பக்கம் ஊதா."

மணிக்கட்டு தடித்துப்போயிருந்தது. செவ்வாய்க்கிழமை விளையாட்டு நேரத்தில் சுவரிலிருந்து விழுந்திருக்கிறான். டீச்சரிடம் சொல்லவில்லை. ஒரு சாக்ஸ் தையலைத் தாங்க முடியாதவன் இந்தக் கையோடு பையைத் தூக்கிக்கொண்டு போய்வந்திருக்கிறான்.

"ஏம்ல சொல்லல? ஏன் மக்கா சொல்லல?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அவ சொல்ல மாட்டா. அதான் நீ தேடித் தேடிப் பாக்க. நானும் சொல்லாம இருந்தா பாப்பியான்னு பாத்தேன்."

செப்டம்பர் 13, சனி

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. பெனியின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது. பாக்கியம் அக்கா மாடியிலிருந்தபடியே முத்தையாபுரம் பக்கம் ஒரு எலும்பு டாக்டரைச் சொன்னார். இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். எலும்பு முறிந்து கொஞ்சம் விலகியிருந்தது. மாவுக்கட்டுப் போட நேராக்கும்போது நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பெனி கண்ணை மூடியிருந்தான். மூக்கு நுனி வெளுத்திருந்தது. சத்தமே இல்லை.

அழு மக்கா, பரவால்ல, அழு என்றேன் காதோரம். தலையை ஆட்டி மறுத்தான்.

தைரியமான பையன் என்றார் டாக்டர். அந்த வார்த்தையை இனி என் பிள்ளைகளிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

இப்போது முதலில் பெனி, பிறகு அக்சி. ஜன்னல் பக்கம் வந்து நிற்கிறான். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்று தினமும் சொல்வான். இன்று கழுத்தைக் காட்டி, இங்கே கொசு கடித்திருக்கிறது என்றான். எண்ணெய் தடவினேன். இன்னும் கொஞ்சம் தடவச் சொன்னான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஜெனிட்டாவைப் பார்த்தேன். அவள் வீட்டுக்காரரும் அத்தானும் ஒரே கப்பல். அவர் அடுத்த மாதம் இறங்குகிறாராம். அத்தானைக் கம்பெனி இன்னும் மூன்று மாதம் இருக்கச் சொல்லியிருக்கிறது, ஜனவரியில்தான் வருவார் என்று சொன்னேன். அத்தான் போன வாரம் என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். ஜெனிட்டா முழித்தாள்.

"கம்பெனி சொல்லலியே. உங்க வீட்டுக்காரங்க அவங்களா எழுதிக் கேட்டாங்கன்னுல்லா எங்க வீட்டுல சொன்னாங்க."

அவள் சரியாகக் கேட்டிருக்க மாட்டாள். கப்பலில் இரைச்சலாக இருக்கும்.

மீன் வாங்கினேன். பெனிக்கு முள்ளெடுத்து ஊட்டினேன், வலது கையில் கட்டு இருக்கிறதே.

செப்டம்பர் 28, ஞாயிறு

கப்பல் ஏதோ துறைமுகத்தில் நிற்கிறது. அத்தான் பேசினார். பிள்ளைகள் மாடியில் இருந்தார்கள். பாக்கியம் அக்கா கொஞ்ச நாளாக டிவி பார்க்கக் கூப்பிடுகிறார்.

பெனி கையைப் பற்றி அவரிடம் இன்றுதான் சொன்னேன். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று சத்தம்போட்டார். நான் கேட்டுவிட்டேன்.

"அத்தான், நீங்களா எழுதிக் குடுத்தீங்களா?"

கட் ஆகிவிட்டது என்று நினைத்தேன். பின்னால் யாரோ இந்தியில் பேசும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"அவ கையப் பாக்க என்னால முடியாது மெர்சி. நீ அனுப்புன போட்டோவ இன்னும் தொறக்கல. ஆம்பளப் பிள்ள, ஆம்பளப் பிள்ளன்னு ஊரெல்லாம் சொன்னேன்லா."

"நான் தெனமும் பாக்கேன்."

"நீ தைரியக்காரி."

"அப்படிச் சொல்லாதீங்க அத்தான். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு அவ மூச்சு விடுதாளான்னு பாக்கேன். யார்ட்டயும் சொல்ல முடியல. நீங்க வாங்க."

அவர் அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை. ஜனவரியில் கண்டிப்பாக வருவேன், கையெழுத்துப் போட்டாயிற்று, இப்போது மாற்ற முடியாது என்றார். சரி என்றேன். சாப்டியா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அரிசி களைந்து உலைவைத்தேன்.

அக்டோபர் 4, சனி

அத்தானிடமிருந்து மெசேஜ். போட்டோவைத் திறந்து பார்த்தேன் என்று மட்டும் இருந்தது.

அக்டோபர் 25, சனி

பெனிக்கு மாவுக்கட்டுப் பிரித்தார்கள். வெட்டுகிற மிஷினை ஆன் செய்ததுதான் தாமதம், பிடித்தான் பாருங்கள் ஒரு அழுகை. வராந்தாவில் காத்திருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். தோலில் படாது தம்பி என்று காட்டினார்கள், கேட்கவில்லை. அக்சி ஸ்டூலில் ஏறி அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். இவ்வளவு பெரிய பையன் இப்படி அழலாமா என்றார் சிஸ்டர்.

"அழட்டும் சிஸ்டர்," என்றேன். "நீங்க மெதுவா வெட்டுங்க."

கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடையதோ போல இருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவினேன். கூசுகிறது என்று மறுபடி அழுதான்.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் சீட் கிடைத்தது. நான் ஜன்னலோரம், அக்சி நடுவில். கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள்.

"அண்ணா, வலின்னா எப்படி இருக்கும்?"

அவன் கையைத் தடவிக்கொண்டே யோசித்தான்.

"யாரையாவது கூப்பிடணும்னு இருக்கும்."

"யார?"

"அம்மாவ."

அக்சி தலையை ஆட்டிக்கொண்டாள். புரிந்த மாதிரித்தான் இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு வலிச்சா அம்மா யாரக் கூப்பிடுவா?"

வெளியே உப்பளங்கள் வந்துவிட்டன. மழைக்கு முன்னால் அம்பாரங்களை ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். அங்க பாருங்க, எவ்வளவு உப்பு என்று கையைக் காட்டினேன். அக்சி என் மடியில் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

பெனி உப்பைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். கொஞ்ச நேரம் கழித்து, நடுவில் காலியாக இருந்த இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.